நடுக்குவாதமும் சீனர் மருத்துவமும்

எனக்கு இளமையில் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் இன்றும் கடிதம் எழுதும் வழக்கம் உடையவர். கரும்பலகையில் அவர் எழுதினால் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் எழுத்து முத்துமுத்தாகத் தெரியும். அத்தகையவருடைய கடிதங்களில் சில ஆண்டுகளாக எழுத்து சிறுத்துக்கொண்டே வந்தது. முதல் வரியில் மிளகளவாய் இருந்தது கடைசி வரியில் கடுகளவாயிற்று. கண்பார்வைக் குறை போலும் என்றே நான் எண்ணினேன். பிறகுதான், அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர் கூறிய செய்தி கிடைத்தது. எழுத்து இவ்வாறு குறுகிப்போவது அந்நோயின் அடையாளங்களுள் ஒன்று. கை நடுங்கத் தொடங்கு முன்பே சிலரிடம் இது தோன்றிவிடுவதுண்டு.

அவர் வீட்டுக்கு அருகில் ஒரு சீன மருந்துக்கடை இருக்கிறது. அக்கம்பக்கத்தார் சொல்ல, அங்குள்ள வைத்தியரிடம் சென்றார். சென்றதில் பிழையில்லை. கஷாயம் தொடங்கிய ஊக்கத்தில், மருத்துவமனை மாத்திரைகளை ஒருவரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். பிழை அங்கேதான் நேர்ந்தது. சில நாட்களில் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. கஞ்சி விழுங்கவும் தடுமாற்றம். மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும்படி ஆயிற்று. அச்செய்தி கேட்டு முதலில் ஓடிவந்தவர் அந்தச் சீன வைத்தியரே. “மாத்திரையை விடச் சொன்னது யார்?” என்று கடிந்துகொண்டாராம்.

தேறிய பின் ஆசிரியர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “தம்பி, நீ பழைய நூல்களைப் புரட்டுகிறவன். சீனர் இந்நோயை அறிந்திருந்தார்களா? அறிந்திருந்தால் மருந்தும் கண்டிருப்பார்கள் அல்லவா?”

முதற்கேள்விக்கு விடை எளிது: அறிந்திருந்தார்கள். இரண்டாவதில் உள்ள ‘அல்லவா’ என்னும் சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரு நோயைக் கண்டு எழுதிவைப்பது ஒன்று. அதற்கு மருந்து கொடுப்பது ஒன்று. கொடுத்த மருந்தினால்தான் குணம் கண்டது என்று மெய்ப்பிப்பது பிறிதொன்று. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால் வரும் தீங்கை என் ஆசிரியர் தம் உடம்பிலேயே பட்டறிந்தார். ஆகவே இம்மூன்றையும் தனித்தனியே நோக்குவோம்.

சீன நூல்களில் நடுக்கம்

சீன மருத்துவத்தின் மூலநூலாகப் போற்றப்படுவது ஹுவாங்தி நெய்ஜிங். ‘மஞ்சள் பேரரசரின் உள்மருத்துவ நூல்’ என்று பொருள் கூறலாம். ஒருவரால் ஒரு காலத்தில் இயற்றப்பட்டதன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உருவாகிவந்த தொகுப்பு. நடுக்கமும் தலைச்சுற்றலும் காற்றினால் வருவன, அவை கல்லீரலைச் சார்ந்தவை என்பது அந்நூலின் கொள்கை. மரம் ஆடுவது காற்றினால். உடம்பு ஆடுவதும் உள்ளே எழுந்த காற்றினால் என்று அவர்கள் கருதினர். ஈண்டுக் ‘கல்லீரல்’ என்றது உடலை அறுத்துக் காட்டும் உறுப்பை மட்டும் அன்று. தசைநார்களையும் அவற்றின் அசைவையும் ஆளும் ஓர் ஆற்றல் தொகுதியை அப்பெயரால் குறித்தனர்.

தமிழ் ஆசிரியர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. திருக்குறளின் மருந்து அதிகாரமும் வளியை முதலாக வைத்தே நோய்க்காரணங்களை எண்ணுகிறது. நடுக்குவாதம் என்றும் கம்பவாதம் என்றும் நம் மருத்துவர் வழங்கிய பெயர்களிலும் காற்றே இருக்கிறது. ஆயினும் இவ்வொற்றுமையைக் கொண்டு ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றனர் என்று முடிவுகட்டுவது அவசரம். காற்றால் மரம் ஆடுவதை எந்த நாட்டானும் தன் முற்றத்திலேயே காணலாம்.

நெய்ஜிங் பொதுவிதி கூறியது. ஒரு மனிதனுடைய நோயைக் கண்முன் நிறுத்தியவர் ஜாங் ஸூஹெ என்பவர். இவர் 1156-இல் பிறந்து 1228-இல் மறைந்தார். வட சீனத்தை ஜின் வம்சத்தார் ஆண்ட காலம். இவருடைய நூலின் பெயர் ரூமென் ஷிசின். கற்றோர் தம் பெற்றோர்க்குப் பணி செய்வது எவ்வாறு என்பது அப்பெயரின் கருத்து. பெற்றோரைப் பேண விரும்பும் கல்விமான் மருத்துவம் அறிந்திருக்க வேண்டும் என்பது அக்காலச் சீனர் எண்ணம். மருத்துவ நூலுக்கு இதைவிட நல்ல பெயர் நான் கண்டதில்லை.

அந்நூலில் மா என்னும் குடிப்பெயருடைய கிழவர் ஒருவரின் வரலாறு வருகிறது. வயது ஐம்பத்தொன்பது. இலையுதிர் காலத்தில் வரி கட்டத் தவறினார் என்று அதிகாரிகள் அறுபது அடி அடித்தனர். அந்த அதிர்ச்சியில் நடுக்கம் கண்டு மூன்றாண்டுகள் ஆயின. நோய் மிகும்போது கையும் காலும் உதறும். எப்பொருளையும் பிடிக்க இயலாது. உணவை மற்றொருவர் ஊட்ட வேண்டும். நூல் கட்டி ஆட்டும் பொம்மைபோல் அவர் உடம்பு ஆடியது என்று ஜாங் எழுதுகிறார். அரசாங்கத்தின் பிரம்பு, வரிபாக்கி, ஊட்டுவதற்கு ஒரு துணை, பொம்மலாட்டம் ஆகிய இத்தனையும் சில வரிகளில் அடங்கிவிடுகின்றன. எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கிழவரை நாம் இன்று தெருவில் கண்டதுபோல் உணர்கிறோம்.

இது பார்க்கின்சன் நோய்தானா? 2006-இல் சீன நரம்பியல் அறிஞர்கள் இத்தகைய குறிப்புகளைத் தொகுத்து ஓர் அமெரிக்க இதழில் வெளியிட்டபோது, அந்நோயின் பழைய வருணனைகளுள் இதனையும் சேர்த்தனர். எனக்கோ ஐயம் முற்றும் நீங்கவில்லை. உதடும் நாக்கும் கடிபட்டுச் சிதைந்தன என்றும் ஜாங் கூறுகிறார். அது வேறு நோய்க்கும் பொருந்தும். அடிபட்ட அச்சத்தால் வரும் நடுக்கமும் உண்டு. வயதும், மூன்றாண்டு நீடிப்பும், ஊட்டவேண்டிய நிலையும் பார்க்கின்சன் பக்கம் சாய்கின்றன என்பது வரையில் ஒப்புக்கொள்ளலாம்.

மிங் வம்ச காலத்து நூல்களில் ஐயத்துக்கு இடம் குறைகிறது. சுன் யிகுய் 1584-இல் எழுதிய நூலிலும், வாங் கெந்தாங் 1602-இல் வெளியிட்ட நூலிலும் இந்நடுக்கம் தனி நோயாக இடம்பெறுகிறது. மனத்தால் அடக்க முடியாத நடுக்கம் அது. சிலருக்குத் தலை ஆடக் கைகால் ஆடாது, சிலருக்குக் கைகால் ஆடத் தலை ஆடாது. இளமையில் அரிது, நடுவயதுக்குப் பின் வருவது, முதுமையில் மிகுதி என்றெல்லாம் அக்காலத்தார் கண்டு எழுதினர். இது பல நோயாளிகளை உற்று நோக்கியவர்களின் பேச்சு. ஒரு கிழவரைப் பார்த்து எழுதியதன்று.

இனி மருந்து. ஜாங் ஸூஹெ வன்மருத்துவர். நோய் வெளியிலிருந்து புகுந்த பகை; அதை வியர்வையாலும் வாந்தியாலும் பேதியாலும் விரட்ட வேண்டும் என்பது அவர் கோட்பாடு. மா கிழவர்க்கும் அம்மூன்றையும் செய்தார். பிரம்படியில் தப்பியவர் வைத்தியத்திலும் தப்பினாரே என்று வியக்கத் தோன்றுகிறது. பின்வந்தோர் மென்மையானவர்கள். வாங் கெந்தாங்கின் நூலில் ‘நடுக்கம் அடக்கும் குளிகை’ ஒன்று உண்டு. தியென்மா என்னும் கிழங்கு, தேள், இரத்தத்தை வளர்ப்பதாகக் கருதப்பட்ட வேர்கள், காற்றை விலக்குவதாகக் கருதப்பட்ட இலைகள் எனப் பத்துக்கும் மேற்பட்ட சரக்குகள் சேர்ந்தது அது. முதியவரின் குறைந்த வலிமையை நிரப்பிக்கொண்டே காற்றைத் தணிப்பது அதன் நோக்கம். இந்நோக்கமே இன்றைய சீன வைத்தியரின் கஷாயங்களிலும் தொடர்கிறது.

தியென்மாவைப் பற்றி ஒரு சொல். இது ஆர்க்கிட் இனச் செடி. இலையில்லை; பச்சையம் இல்லை. மண்ணுக்கடியில் வாழும் ஒரு காளானை உண்டே கிழங்கு பருக்கிறது. ஆகையால் விதைத்து விளைவிக்க இயலாத காட்டுப்பொருளாகவே நெடுங்காலம் இருந்தது. விலையும் அதற்கேற்ப இருந்தது. காளானோடு சேர்த்து வளர்க்கும் முறையைச் சீனர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பரவலாகக் கைக்கொண்டனர். அதனோடு இணைபிரியாமல் வரும் மற்றொரு சரக்கு கோவ்தெங். கொக்கி முட்கள் கொண்ட ஒரு கொடி. கஷாயம் இறக்கும் தறுவாயில்தான் இதனைச் சேர்ப்பர். நெடுநேரம் கொதித்தால் குணம் கெடும் என்பர். நம் நாட்டார்க்கு இதன் உறவுச்செடி ஒன்று நன்கு தெரியும். வெற்றிலையோடு மெல்லும் கம்பீர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் சீனத் தோட்டக்காரர் மிளகோடு சேர்த்துப் பயிரிட்ட அந்தக் கம்பீரும், நடுக்கத்துக்குக் கொடுக்கும் கோவ்தெங்கும் ஒரே இனத்தின் இரு கொடிகள்.

இன்று புகழ்பெற்றிருக்கும் தியென்மா-கோவ்தெங் கஷாயம் மூவாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று கடைக்காரர் சிலர் சொல்வர். அதை நம்ப வேண்டா. சரக்குகள் பழையன, அந்தச் சேர்க்கை 1950-களில் ஒரு சீன மருத்துவர் நூலில் முதலில் வெளிவந்தது. இரத்த அழுத்தத்தால் வரும் தலைவலிக்கும் தலைச்சுற்றலுக்கும் என்றே அது வகுக்கப்பட்டது.

இலண்டனில் ஒரு சிறு நூல்

நிற்க. ஐரோப்பாவில் இந்நோய்க்குப் பெயர் தந்தவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். இலண்டனில் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்தவர்; அரசாங்கத்தைக் கண்டித்துத் துண்டு நூல்கள் எழுதியவர்; கல்லாகிப்போன பண்டை உயிர்களைச் சேகரித்தவர். 1817-இல் நடுக்கவாதம் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதற்கு ஆதாரமாயிருந்தவர் ஆறே நோயாளிகள். அவர்களுள்ளும் சிலரை அவர் தெருவில் கண்டதோடு சரி. கண்களின் கூர்மை அத்தகையது! அரை நூற்றாண்டு கழித்துப் பாரிஸ் நகரத்துச் சார்கோ என்னும் மருத்துவர், நோயாளி அனைவரும் நடுங்குவதில்லை, அனைவர்க்கும் தசைவலிமை குன்றுவதும் இல்லை என்று காட்டி, ‘பார்க்கின்சன் நோய்’ என்னும் பெயரே தக்கது என்றார்.

பார்க்கின்சன் சொன்ன மருந்து என்ன? கழுத்தில் இரத்தம் வாங்குதல். தோலில் கொப்புளம் எழுப்பிச் சீழ் வடியச் செய்தல். ஜாங் ஸூஹெ வாந்தியால் விரட்டியதை அறுநூறு ஆண்டுகட்குப் பின் பார்க்கின்சன் சீழாக வடித்தார். இருவரும் நோயைக் கண்டு எழுதுவதில் வல்லவர். தீர்ப்பதில் இருவர்க்கும் வழி தெரியவில்லை. மேல்நாட்டார் முந்தினரா, சீனர் முந்தினரா என்று வாதிடுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

மருந்து வேறொரு வழியில் வந்தது. 1913-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் குகன்ஹைம் என்னும் இரசாயனர், மேல்நாட்டார் உண்ணும் ஒருவகைப் பெரிய மொச்சையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். இன்று லெவோடோபா என வழங்குவது அதுவே. தாமே இரண்டரைக் கிராம் விழுங்கிப் பார்த்தார். கடுமையான வாந்தி எடுத்தார். பயனற்றது என்று அது ஒதுக்கப்பட்டது.

1937-இல் அதே பொருளைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் இராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்து வெளியிட்டனர். நம் வைத்தியர் நெடுங்காலம் கையாண்ட விதை அது. அப்போதும் அதன் பயனை உலகம் அறியவில்லை.

பயனை அறிவித்ததற்கும் ஒரு மூலிகையே துணைசெய்தது. சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரெசர்ப்பின் என்னும் சத்தை முயல்களுக்குக் கொடுத்தபோது அவை அசைவற்றுப் போயின. 1957-இல் சுவீடனைச் சேர்ந்த அர்விட் கார்ல்சன், அம்முயல்களுக்கு டோபாவைச் செலுத்தினார். அவை எழுந்து ஓடின. மூளையில் டோபமின் என்னும் பொருள் குறைந்ததே அசைவு கெட்டதற்குக் காரணம் என்பது புலப்பட்டது. 1960-இல் வியன்னாவில் ஹோர்னிகேவிச், இந்நோயால் இறந்தோரின் மூளையில் டோபமின் அருகியிருப்பதைக் கண்டார். மறு ஆண்டே அவரும் பிர்க்மையரும் நோயாளிகட்கு லெவோடோபா ஊசி போட்டனர். படுத்த படுக்கையாயிருந்தவர் எழுந்து நடந்தனர். பயன் சில மணி நேரமே நின்றது. 1967-இல் அமெரிக்காவில் கோட்சியாஸ், சிறு அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டி வாய்வழிக் கொடுக்கும் முறையைக் கண்டார். குகன்ஹைமை வருத்திய வாந்திக்கும் அதனால் வழி பிறந்தது.

ஆகவே இன்று மருத்துவமனையில் தரும் முதன்மை மாத்திரையின் பிறப்பும் செடியில்தான். ‘செடி மருந்து, இரசாயன மருந்து’ என்று இரண்டு கட்சி பிரித்துப் பேசுவதில் பொருளில்லை. 2004-இல் இலண்டனில் எட்டு நோயாளிகட்குப் பூனைக்காலித் தூளையே கொடுத்துச் சோதித்தபோது, அதுவும் மாத்திரையைப் போலவே வேலை செய்தது, விரைவாகவும் செய்தது. காரணம் வெளிப்படை: உள்ளிருப்பது லெவோடோபாவே. ஆனால் தியென்மாவிலும் கோவ்தெங்கிலும் பெயர்பெற்ற சத்துகள் வேறு. அவை குறைந்த டோபமினை நிரப்பும் பொருள்கள் அல்ல. என் ஆசிரியர் மாத்திரையை விட்டுக் கஷாயத்தைப் பிடித்தபோது, அவருடைய மூளைக்குக் கிடைத்துக்கொண்டிருந்த ஒரு பொருள் திடீரென்று நின்றுபோயிற்று. அதனால் நேர்ந்ததே அந்த முடக்கம்.

துணைமருந்து என்னும் நிலை

அப்படியானால் கஷாயத்துக்கு இடமே இல்லையா? உண்டு. லெவோடோபா அசைவைத் திருத்துகிறது. நோயைத் தடுத்து நிறுத்துவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒவ்வொரு வேளை மாத்திரையின் பயனும் விரைவில் அடங்குகிறது. வேண்டாத துள்ளல் அசைவுகளும் சேர்கின்றன. மலச்சிக்கல், தூக்கமின்மை, மனச்சோர்வு, பேச்சு மங்குதல் ஆகிய தொல்லைகளுக்கு அது போதுமானதும் அன்று. இவ்விடைவெளியில்தான் சீன வைத்தியர் நிற்கிறார்.

இரு மருத்துவங்களையும் இணைத்து வழங்கும் முறை சீனாவில் அரசாங்கக் கொள்கையாகவே வளர்ந்தது. 1955-இல் பெய்ஜிங்கில் சீன மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், 1956-இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சௌ, செங்டு நகரங்களில் கல்லூரிகளும் நிறுவப்பட்டன. அம்மரபில் பயின்றோர் லெவோடோபாவோடு கஷாயத்தையும் கொடுத்து, பலன் நன்று என்று பல அறிக்கைகள் எழுதினர். அவற்றை ஒப்புநோக்கிய அறிஞர்கள் பெரும்பாலும் ஒரே குறையைச் சுட்டினர்: வெற்று மருந்து கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதே அது.

வெற்று மருந்து எதற்கு என்று கேட்கலாம். இந்நோயில் அது மிகமிக வேண்டும். 2001-இல் கனடாவின் வான்கூவர் நகர ஆராய்ச்சியாளர், மருந்து என்று நம்பி வெற்று ஊசி ஏற்ற பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையைப் படமெடுத்தனர். அந்நம்பிக்கையினாலேயே அவர்கள் மூளையில் டோபமின் சுரந்தது! வெறும் கற்பனையன்று; கருவியில் பதிவான உண்மை. எனவே ‘கஷாயம் குடித்தேன், நடுக்கம் குறைந்தது’ என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. குறைத்தது கஷாயமா, நம்பிக்கையா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு அஞ்சாமல் இறங்கியவர்கள் ஹாங்காங் பாப்டிஸ்ட் பல்கலைக்கழகத்துச் சீன மருத்துவத் துறையினர். 2011-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் ஐம்பத்தைந்து நோயாளிகள் ஆறு மாத காலம் கலந்துகொண்டனர். எவரும் தம் மாத்திரையை விடவில்லை. ஒரு பகுதியினர்க்குக் கூடுதலாகச் சீன மருந்து. மறு பகுதியினர்க்கு அதைப்போன்றே தோன்றும் வெற்று மருந்து. கொடுத்தது ‘லியூ ஜுன் ஸூ’ கஷாயத்தை விரித்துச் செய்தது. ஜுன் ஸூ என்பது கன்பூசியர் போற்றிய பண்பாளரைக் குறிக்கும் சொல். ‘அறு சான்றோர் கஷாயம்’ என நாம் பெயர்க்கலாம். செரிமானத்தை வலுப்படுத்தச் சீனர் குடிப்பது அது. முடிவு? நோயாளிகள் பிறரோடு பேசித் தொடர்புகொள்ளும் திறன், சான்றோர் கஷாயம் குடித்தவரிடம் தெளிவாகக் கூடியிருந்தது. கை நடுக்கம் ஒழிந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. சிறிய ஆய்வு, சிறிய பயன். ஆயினும் அளந்து காட்டிய பயன். 2012-இல் அதே பல்கலைக்கழகத்தார், கோவ்தெங்கில் உள்ள ஒரு சத்து, இந்நோயில் நரம்பணுக்களுக்குள் திரளும் ஆல்பா-சைனுக்ளின் என்னும் புரதத்தை அணுக்கள் தாமே அழித்துக்கொள்ளத் தூண்டுகிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டனர். கண்ணாடிக் குடுவையிலிருந்து மனித மூளைக்குச் செல்லும் வழி நீண்டது. அவ்வழியின் தொடக்கம் இது.

தீங்கையும் சொல்லாமல் விடலாகாது. சீனர் வலிக்குக் கொடுக்கும் யென்ஹுசுவோ என்னும் கிழங்கில், டோபமினின் வேலையைத் தடுக்கும் சத்து இருக்கிறது. பார்க்கின்சன் நோயாளிக்கு அது நேர்ப்பகை. வாங் கெந்தாங்கின் குளிகையில் சேரும் ஸீசின் வேரில், சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் காணப்படுகிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மருந்து உண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் இழந்தது இவ்வமிலத்தால்தான். ஒரு சரக்குக்குப் பதிலாகப் பெயர் ஒத்த மற்றொன்று கலந்துவிட்டதே அங்கு நேர்ந்த பிழை. பழமை மருந்துக்குப் பெருமை தரலாம், பாதுகாப்புத் தராது.

நம் நாட்டில் இவ்வைத்தியம் சட்டத்துக்கு உட்பட்டே நடக்கிறது. 1867-இல் சிங்கப்பூரில் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம், இனம் பாராமல் ஏழைகட்கு இலவச வைத்தியம் செய்து பெயர்பெற்றது. சிங்கப்பூரில் 2000-இலும் மலேசியாவில் 2016-இலும் பாரம்பரிய வைத்தியரைப் பதிவுசெய்யச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பதிவுபெற்ற வைத்தியரிடம் போகிறவர், உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயரைச் சொல்லவும், மருத்துவமனையில் கஷாயத்தின் பெயரைச் சொல்லவும் வெட்கப்பட வேண்டியதில்லை. நம்மவர் பலர் இரண்டையும் மறைக்கிறார்கள். மருத்துவர் திட்டுவார் என்று ஓரச்சம்; வைத்தியர் கோபிப்பார் என்று மற்றோர் அச்சம்.

சென்ற திங்கள் ஆசிரியர் வீட்டுக்குப் போயிருந்தேன். மா கிழவரின் கதையைப் படித்துக் காட்டினேன். சிரிப்பை மறந்திருந்த அந்த முகம் சற்றே நெகிழ்ந்தது. “வரிபாக்கி எவ்வளவாம்?” என்று கேட்டார். மாத்திரைகளை மணி தவறாமல் உண்கிறார். மலச்சிக்கலுக்கும் தூக்கத்துக்கும் வைத்தியர் தரும் கஷாயம், மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் பெற்ற பின், தனி வேளையில் நடக்கிறது. இரண்டின் பட்டியலையும் அவரே ஒரு தாளில் எழுதினார். எழுத்து கடுகளவுதான். பேத்தி அதைப் பெரிய எழுத்தில் இரண்டு படி எடுத்து, ஒன்றை மருத்துவரிடமும் ஒன்றை வைத்தியரிடமும் கொடுத்திருக்கிறாள்.